வீடியோ ஸ்டார்ட்அப்பில் முதல் ஆண்டு: புதிதாகச் சேர்பவருக்கு ஒரு வழிகாட்டி

வீடியோவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருளை எழுதி விற்கிற சிறு நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கின்றன. கோச்சிங் சென்டர் வகுப்புகள் திருட்டுப்போகாமல் ஒளிபரப்பித் தருபவை, டிவி சேனல்களை கிளவுடுக்கு மாற்றித் தருபவை, கல்யாணத்திலிருந்து கபடிப் போட்டி வரை நேரலை செய்து தருபவை, பிளேயர் மட்டுமே செய்பவை என்று பல ரகம். இருபது முப்பது பேர் இருக்கிற அப்படியோர் இடத்தில் டெவலப்பராகவோ, டெஸ்டிங்கிலோ, கஸ்டமர் சப்போர்ட்டிலோ சேரப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். பெரிய ஐ.டி. கம்பெனிகளில் மாதக்கணக்கில் உட்காரவைத்துப் பயிற்சி தருவது போல இங்கே யாரும் தரமாட்டார்கள். எதை முதலில் பிடித்துக்கொள்வது என்று நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

என் கட்சி இதுதான்: இந்தத் தொழிலில் சீக்கிரம் மேலே வருபவர், ஓடாத ஒரு வீடியோவைப் பார்த்து அது எந்த இடத்தில் நின்றது என்று சொல்லத் தெரிந்தவர். புரோகிராம் எழுதும் திறமைகூட அதற்கு அடுத்த இடம்தான்.

கையெழுத்துப் போடும் முன்

இன்டர்வியூ முடியும்போது "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். கேளுங்கள். மாதாமாதம் காசு கொடுக்கும் கஸ்டமர்கள் இருக்கிறார்களா, அல்லது முதலீட்டாளர் பணத்தில்தான் வண்டி ஓடுகிறதா? கையிலிருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். முப்பது பேர் கம்பெனியில் கடைசிச் சுற்றுக்கு ஃபவுண்டரே வருவார். அவர் ஒரு எண்ணைச் சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அப்புறம் ஈசாப், அதாவது கம்பெனிப் பங்கைப் பிற்பாடு ஒரு குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை. "பத்தாயிரம் ஈசாப் தருகிறோம்" என்ற வாக்கியத்துக்கு அந்த அளவில் எந்த அர்த்தமும் இல்லை. கம்பெனியின் மொத்தப் பங்கு 10 லட்சம் என்றால் அது ஒரு சதவீதம். மொத்தம் 10 கோடி என்றால் 0.01 சதவீதம். ஆகவே மொத்த எண்ணிக்கையையும், ஒரு பங்கை என்ன விலைக்கு நீங்கள் வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கமாக நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த உரிமை உங்கள் கைக்கு வரும். முதல் ஓராண்டு எதுவும் வராது. இந்திய கம்பெனிச் சட்ட விதிகளே அந்தக் குறைந்தபட்ச ஓராண்டு இடைவெளியைக் கேட்கின்றன. வாடகை, கல்விக்கடன் தவணை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் சம்பளத்திலேயே முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஈசாப்பைக் காட்டி உங்களை நீங்களே சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, நோட்டீஸ் காலம் ஆகியவற்றையும் ஒருமுறை படித்துவிடுங்கள். குட்டிக் கம்பெனியாக இருந்தாலும் சில இடங்களில் நோட்டீஸ் மூன்று மாதம் என்று போட்டிருப்பார்கள்.

முதல் வாரம்: ஒரே ஒரு வீடியோவைப் பின்தொடருங்கள்

லேப்டாப் வரும், ஏகப்பட்ட கணக்குகளுக்கு பாஸ்வேர்டு வரும், ஃபவுண்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். கல்லூரிப் பழக்கத்தில் "சார்" என்றுதான் வாயில் வரும். யாரும் தப்பாக நினைப்பதில்லை, போகப்போகப் பழகிவிடும். இந்த வாரத்தில் உங்களிடம் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதும் இல்லை. அந்த நேரத்தை ஒரே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். அதைக் கம்பெனியின் அமைப்பில் ஏற்றி, மறுமுனையில் ஓடும்வரை கூடவே போங்கள்.

முதலில் கோப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு எஃப்எஃப்புரோப் என்ற கருவி போதும். 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார்டு தொடங்கிய, வீடியோவைப் படித்து மாற்றித் தரும் இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் திட்டத்தின் ஒரு பகுதி அது. இன்று வீடியோ கம்பெனி எதுவானாலும் அடியில் எங்கேயாவது எஃப்எஃப்எம்பெக் இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். எம்.பி.4 என்பது வெறும் பெட்டிதான் என்பது இங்கே புரியும். உள்ளே வீடியோவைச் சுருக்கியிருக்கும் முறை 2003இல் வந்த எச்.264 ஆக இருக்கலாம், புதிய ஐபோன்கள் எடுக்கும் எச்.இ.வி.சி. ஆகவும் இருக்கலாம். "எம்.பி.4 கோப்புதானே, நண்பர் லேப்டாப்பில் ஓடுகிறது, என்னுடையதில் ஏன் ஓடவில்லை?" என்று கஸ்டமர் கேட்கும் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது டிரான்ஸ்கோடிங். உங்கள் ஒரு கோப்பு 1080, 720, 480, 360 என்று பல தரங்களில் பல கோப்புகளாக மாறுகிறது. பார்ப்பவரின் நெட் வேகம் ஏறி இறங்கும்போது பிளேயர் ஒரு தரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும், அதற்காகத்தான். கீஃபிரேம் என்ற சொல்லை இங்கே நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பிளேயர் தாவும் இடத்தில் முழுப்படம் ஒன்று இருந்தாக வேண்டும், அதுதான் கீஃபிரேம். எல்லாத் தரங்களிலும் அது ஒரே விநாடியில் விழவும் வேண்டும். இல்லையென்றால் தரம் மாறும் ஒவ்வொரு முறையும் படம் குதிக்கும்.

பிறகு அவை சில விநாடித் துண்டுகளாக வெட்டப்படுகின்றன. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் தொடக்கத்தில் பத்து விநாடித் துண்டுகள் வழக்கம். பின்னர் ஆறு விநாடியைப் பரிந்துரைத்தார்கள். துண்டுகளின் பட்டியல் ஒரு சாதாரண உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். இரண்டு வருடம் இந்தத் துறையில் இருந்தும் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் முதல் வாரத்திலேயே திறந்துவிடுங்கள்.

துண்டுகள் சி.டி.என். (பல ஊர்களில் நகலைச் சேமித்து வைக்கும் சர்வர்களின் வலை) வழியாகப் பார்வையாளருக்கு அருகிலுள்ள சர்வருக்குப் போகின்றன. கடைசியில் பிளேயர். குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால், துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து இறங்குவது தெரியும். ஒவ்வொன்றின் ஹெடரிலும் (கூடவே வரும் தகவல் வரிகளில்) அது சி.டி.என். சேமிப்பிலிருந்தே வந்ததா, அல்லது மூல சர்வர் வரை போய் வந்ததா என்று பாருங்கள். அதே பக்கத்தில் நெட் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துவிட்டு, 720இலிருந்து 360க்கு இறங்குகிறதா, எத்தனை விநாடியில் இறங்குகிறது, அந்த நேரத்தில் படம் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

இந்தப் பயணத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் உங்கள் கம்பெனியில் அதைச் செய்யும் சர்வீஸின் பெயரையும் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் எழுதுங்கள். சீனியர் ஒருவரிடம் கொண்டுபோய் "இதில் எது தப்பு?" என்று கேளுங்கள். இரண்டு சீனியர்களிடம் காட்டினால் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வருவதும் உண்டு. முழுப் படமும் ஒருவர் தலையில் இருப்பது அபூர்வம். திருத்தி முடித்த அந்தத் தாளைக் கம்பெனியின் ஆவணத்தில் போட்டுவிட்டால், உங்களுக்குப் பிறகு சேர்பவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

முதல் மாதம்: கெட்ட கோப்புகளைச் சேருங்கள்

டெஸ்ட் செய்ய எல்லோரும் எடுப்பது பிளெண்டர் அறக்கட்டளை இலவசமாக வெளியிட்ட, கொழுத்த முயல் வரும் 'பிக் பக் பன்னி' குறும்படத்தைத்தான். வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில் அந்த முயலைக் கனவிலும் பார்ப்பீர்கள். அது ஒழுங்காக எடுத்த, ஒழுங்காக என்கோடு செய்த படம். எந்த அமைப்பிலும் ஓடும். அதனால்தான் அதை மட்டும் நம்பக் கூடாது.

கஸ்டமர்கள் அனுப்புவது வேறு மாதிரி இருக்கும். போனை நிமிர்த்தி எடுத்துப் படுத்துக்கொண்டு ஓடும் வீடியோ. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்தது. திரைப்பதிவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கி, ஒரு மணிநேர வகுப்பின் முடிவில் வாயசைவும் குரலும் பிரிந்து நிற்பது. ஒலியே இல்லாதது, இடது காதில் மட்டும் ஒலி வருவது. எச்.டி.ஆரில் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பதியும் முறையில்) எடுத்து, மாற்றியபின் வெளுத்துப்போனது. விநாடிக்கு 30 ஃபிரேம் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் உண்மையில் 29.97 ஆக இருப்பது. அப்புறம் நம்மூர் ஸ்பெஷல்: தமிழில் பெயர் வைத்து, நடுவில் இடைவெளியும் அடைப்புக்குறியும் போட்ட கோப்பு. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த அப்லோடு கோடு இதில் தடுக்கி விழ நிறைய வாய்ப்பிருக்கிறது.

இப்படி ஒரு புகார் வரும்போதெல்லாம், கஸ்டமரிடம் அனுமதி கேட்டு அந்தக் கோப்பையோ, அதே கோளாறுள்ள இன்னொன்றை நீங்களே தயாரித்தோ ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பக்கத்திலேயே ஒரு வரி: என்ன கோளாறு, எந்தக் கட்டத்தில் வெடித்தது. புது வெர்ஷன் வெளியிடும் முன் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம். டெஸ்டிங்கில் சேர்ந்தவருக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. டெவலப்பர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

ஒலி விஷயத்தில் ஒரு குறிப்பு. ஒலி படத்துக்கு முந்திவிட்டால் மனிதர்களுக்கு உடனே உறுத்தும். பிந்தினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் பரிந்துரையில் கண்டுபிடிக்கக்கூடிய எல்லை, முந்தினால் 45 மில்லிவிநாடி, பிந்தினால் 125 மில்லிவிநாடி. இடி மின்னலுக்குப் பிறகு கேட்டே பழகியவர்கள் நாம், வேறென்ன.

பார்ப்பவரின் போனில் பாருங்கள்

ஆபீசில் விலையுயர்ந்த லேப்டாப்பும் வேகமான வைஃபையும் இருக்கும். அங்கே எல்லாமே நன்றாக ஓடும். உங்கள் வீடியோவைப் பார்க்கும் மாணவர் கையில் மூன்று நான்கு வருடம் பழகிய, சேமிப்பு நிரம்பிய ஆண்ட்ராய்டு இருக்கும். அப்படியொரு போனை டெஸ்டுக்கு வாங்கச் சொல்லுங்கள். தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் அதை எடுத்துக்கொண்டு ஏறுங்கள். ஆபீசில் எத்தனை மணிநேரம் உட்கார்ந்தாலும் தெரியாத தவறுகள் ஒரு பயணத்தில் தெரிந்துவிடும்.

டாஷ்போர்டில் மூன்று எண்களைத் தினமும் பாருங்கள்: பிளே அழுத்தியதிலிருந்து முதல் படம் வரும் நேரம், பார்த்த நேரத்தில் எவ்வளவு பங்கு பஃபரிங்கில் போனது, எத்தனை முயற்சிகள் ஓடாமலே போயின. சராசரியைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். நூறு பேரில் மிக மோசமாக அனுபவித்த ஐந்து பேருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். சப்போர்ட்டுக்கு போன் செய்பவர்கள் அவர்கள்தான்.

காசு எங்கே போகிறது

வீடியோ கம்பெனியின் செலவில் பெரும் பங்கு, சம்பளத்துக்கு அடுத்து, பெரும்பாலும் டேட்டாவை அனுப்புவதில் போகும். கணக்கு எளிது. 2 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 2 மெகாபிட்) வீடியோவை ஒருவர் ஒரு மணிநேரம் பார்த்தால் ஏறக்குறைய 900 எம்.பி. ஒரு லட்சம் பேர் பார்த்தால் 90,000 ஜி.பி. ஒரு ஜி.பி.க்கு சி.டி.என். கட்டணம் இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு மணிநேரத்துக்கு 1,80,000 ரூபாய். தரம் குறையாமல் பிட்ரேட்டில் (விநாடிக்கு அனுப்பும் டேட்டா அளவில்) 20 சதவீதம் குறைக்க முடிந்தால் 36,000 ரூபாய் மிச்சம், ஒவ்வொரு மணிநேரமும்.

இந்தக் கணக்கை உங்கள் கம்பெனியின் உண்மையான கட்டணத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். "புரோகிராமை வேகப்படுத்தினேன்" என்று சொல்வதைவிட "மாத பில்லில் இவ்வளவு குறைந்தது" என்று சொல்பவருக்கு ஃபவுண்டர் காது கொடுப்பார்.

நேரலை நாள்

நேரலையில் திருத்தி எழுத இரண்டாவது வாய்ப்பு கிடையாது. புதியவர்கள் அதிகம் கற்றுக்கொள்வதும் அன்றைக்குத்தான். ஆகவே ஒதுங்கி நிற்காமல் ஏதாவது ஒரு சின்னப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். டாஷ்போர்டைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைக் குறிப்பது, கஸ்டமர் வாட்ஸ்அப் குழுவைக் கவனிப்பது, எதுவானாலும் சரி.

முந்தைய நாளே முடிக்க வேண்டியவை: இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் நெட் இணைப்பு, மாற்று என்கோடர் (கேமராப் படத்தைச் சுருக்கி நெட்டில் அனுப்பும் கருவி), அந்த இரண்டுக்கும் யூ.பி.எஸ். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் சில விநாடிகளில் என்கோடர் அணைந்து, மறுபடி எழுந்து வர நிமிடங்கள் ஆகும். சரியாக அப்போதுதான் தாலி கட்டுவார்கள். ஒலி மேடை மைக்கிலிருந்து வருகிறதா, கேமரா மைக்கிலிருந்தா என்று காதில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். நேரலை நாளில் புது வெர்ஷன் எதையும் டெப்ளாய் செய்யக் கூடாது. ஏதாவது கெட்டுப்போனால் முடிவெடுப்பவர் யார் என்று ஒரே ஒரு பெயரை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஐந்து அமைப்புகளை மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

தாமதத்தைப் பற்றி கஸ்டமருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆறு விநாடித் துண்டுகளில் மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு பிளேயர் தொடங்கினால், அதிலேயே 18 விநாடி பின்னால் இருக்கிறோம். என்கோடிங் நேரம் தனி. பக்கத்து வீட்டில் கேபிளில் பார்ப்பவர் கத்தி முடித்த பிறகுதான் உங்கள் போனில் சிக்ஸர் பறக்கும். துண்டைச் சிறிதாக்கிக் குறைக்கலாம். அப்போது நெட் கொஞ்சம் தடுமாறினாலும் படம் நிற்கும். இரண்டில் எது வேண்டும் என்று கஸ்டமர் தேர்ந்தெடுக்கட்டும்.

கூட்டம் வருவதைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். கூட்டம் கலைவதைப் பற்றி யோசிப்பவர் குறைவு. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடியபோது ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.5 கோடிப் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் எண்ணிக்கை சடசடவெனச் சரிந்தது. வீடியோ சர்வருக்கு அது நிம்மதிதான். ஆனால் ஆப்பை மூடாமல் பின் பொத்தானை அழுத்துபவர்கள் எல்லோரும் முகப்புப் பக்கத்துக்குப் போய் விழுகிறார்கள். படம், பட்டியல், பரிந்துரை என்று முகப்புப் பக்கம் ஒவ்வொருவருக்காகவும் சர்வருக்குப் பல கோரிக்கைகளை அனுப்பும். வீடியோவுக்கு மட்டும் தயாராகி இருந்தால் அங்கே மாட்டிக்கொள்வோம். 2023 இறுதிப் போட்டியில் அதே தளம் 5.9 கோடியைத் தொட்டது. உங்கள் கம்பெனியின் கூட்டம் ஐயாயிரமாக இருக்கலாம். வகுப்பு முடிந்து எல்லா மாணவர்களும் ஒரே நொடியில் தேர்வுப் பக்கத்துக்குப் போவது இதே சங்கதிதான்.

முடிந்த மறுநாள், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று எழுதிவையுங்கள். யார் மேல் தப்பு என்ற பத்தி அதில் வேண்டாம். இரவு போட்டிக்காக விழித்திருந்தால் மாற்று விடுப்பைத் தயங்காமல் கேளுங்கள். தூங்காமல் வேலை பார்ப்பதைப் பெருமையாகச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. அரைத்தூக்கத்தில் இருப்பவரிடம் யாரும் புரொடக்ஷன் சர்வரை (கஸ்டமர்கள் பயன்படுத்துவதை)க் கொடுக்கக் கூடாது.

கம்பெனி வேறொன்றாக மாறும்போது

நீங்கள் சேர்ந்தபோது செய்த பொருளையே கம்பெனி இரண்டு வருடம் கழித்தும் செய்துகொண்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2005இல் யூடியூப் காதல் துணை தேடும் வீடியோத் தளமாகத்தான் யோசிக்கப்பட்டது. யாரும் அப்படி வீடியோ ஏற்றவில்லை. எந்த வீடியோவும் ஏற்றலாம் என்று திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியது. ஜஸ்டின் டிவி 2007இல் ஜஸ்டின் கான் தன் தொப்பியில் கேமரா மாட்டிக்கொண்டு வாழ்க்கையை நேரலை செய்ததில் தொடங்கியது. பிறகு யார் வேண்டுமானாலும் நேரலை செய்யலாம் என்றார்கள், அதில் வீடியோ கேம் ஆடுபவர்கள் பெருகினார்கள். 2011இல் அந்தப் பகுதி டிவிட்ச் ஆகப் பிரிந்தது, 2014இல் அமேசான் ஏறக்குறைய 97 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பெங்களூருவில் 2008இல் தொடங்கிய அமாகி, டிவியில் ஊருக்கு ஊர் வேறு விளம்பரம் காட்டும் தொழிலிலிருந்து சேனல்களை கிளவுடில் ஓட்டும் தொழிலுக்கு வந்தது.

இந்த மாற்றம் அறிவிப்பாக வருவதற்கு முன்பே சப்போர்ட் டிக்கெட்டுகளில், அதாவது கஸ்டமர் புகார்ப் பதிவுகளில், தெரியும். நாம் ஒன்றுக்காகச் செய்ததை கஸ்டமர்கள் வேறொன்றுக்குப் பயன்படுத்திவிட்டு, அதில் குறை சொல்லத் தொடங்குவார்கள். வாரம் ஒருமுறை டிக்கெட்டுகளைப் படிக்கும் டெவலப்பருக்கு அடுத்த திட்டம் எது என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்திருக்கும். நேரலையை நகர்த்தும் வேலை ஜஸ்டின் டிவிக்கும் டிவிட்சுக்கும் ஒன்றுதான். அதைத் தெரிந்தவர்களுக்குப் பொருள் மாறியதால் நஷ்டம் இருந்திருக்காது.

ஓராண்டு முடியும்போது

வாராவாரம் செய்ததை நாலு வரி எழுதி வைத்திருந்தால் சம்பளப் பேச்சு எளிது. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த எண், இப்போது இருக்கும் எண், நடுவில் நீங்கள் செய்தது. இவ்வளவுதான். சின்ன கம்பெனியில் மேனேஜரே மறந்திருப்பார்; அவர் பத்து வேலையில் இருப்பவர்.

ஏதாவது ஒரு கட்டத்தில் ஆழமாக இறங்குங்கள்: என்கோடிங், பிளேயர், நேரலை, கள்ளப்பிரதி தடுப்பு, எது பிடிக்கிறதோ அது. வீடியோ டெவலப்பர்களுக்கான டிமக்ஸ்டு மாநாட்டின் உரைகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் பாதி புரியாது. கெட்ட கோப்புகளோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டிய பிறகு பாருங்கள், புரியும்.

வேறு இடம் போவதாக முடிவெடுத்தால், ராஜினாமா மெயில் அனுப்பும் முன் ஈசாப் ஒப்பந்தத்தை இன்னொருமுறை எடுத்துப் படியுங்கள். கைக்கு வந்த உரிமையை விலகியபின் எத்தனை நாளுக்குள் பங்காக மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். பல இடங்களில் அது 90 நாள்தான். மாற்றும் நாளில் பங்கின் மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகவே கணக்கிடப்பட்டு வரி வரும், பங்கை இன்னும் விற்காவிட்டாலும். அந்த வரிக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கால அவகாசத்தை நீட்டித் தரச் சொல்லி ஃபவுண்டரிடம் கேட்பதில் தவறில்லை. சம்மதித்தால் வாய்ப்பேச்சாக விடாமல் மெயிலில் வாங்கி வையுங்கள்.